ராங் நம்பர் தட்டு

என் நாத்தனாருக்கு ஒரு காலத்தில் பாம்புச் செவி. கல்யாணமாகி இந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் வாரம், இரண்டாவது மாடியில் என் சமையலறையில் நின்றுகொண்டு, சோப்பு டப்பாவை யாரோ இடம் மாற்றிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தேன். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "மாத்தினது நான்தான். அங்க வெச்சா தண்ணி பட்டு கரையும். பிடிக்கலைன்னா மேல வந்து சொல்லு." நான் மேலே போகவில்லை. அன்றிலிருந்து எட்டு வருஷம், இந்த வீட்டில் நான் மனசுக்குள் மட்டும்தான் முணுமுணுத்தேன்.

முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் அக்கா. என் வீட்டுக்காரரைவிடப் பதினோரு வயது மூத்தவள், அதனால் எனக்கும் அக்கா. காலையில் தலையில் மாட்டும் ஹெட்போனைச் சாயங்காலம்தான் கழற்றுவாளாம். நூற்றுக்கணக்கான ஓட்டைகள் உள்ள பலகையின் முன்னால் உட்கார்ந்து, வயரை ஒன்றிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் செருகுவது வேலை. யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தக் கடைக்காரருக்கு எந்த ஊரில் இன்னொரு குடும்பம், எல்லாம் தெரியும். ஆனால் ஒரு சொல் வெளியே விட்டதில்லை. ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறாள். "பொய் சொல்லப் போறவங்க, பேசறதுக்கு முன்னாடி ஒரு சின்ன மூச்சு இழுப்பாங்கம்மா. கேட்டுக்கிட்டே இருந்தா பழகிடும்." அந்தக் காது சரியாக இருந்தவரை என் வீட்டுக்காரர் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. யோக்கியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு வருஷம் நீடித்தது. சம்பளத்தில் பாதியை இசைத்தட்டு வாங்கியே தீர்க்கிறாள் என்று அந்த மனுஷன் ஒருநாள் கத்தி, "நான் வேணுமா, தட்டு வேணுமா?" என்று கேட்டாராம். அக்கா, "ஒரு நாள் டைம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றாளாம். அவர் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டார். "இன்னும் நான் பதிலே சொல்லல, தெரியுமா" என்று அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அவளிடம் எண்ணூற்றுச் சொச்சம் தட்டுகள் இருந்தன. சுவர் முழுக்க மர அலமாரி அடித்து, நேராக நிற்கவைத்து, தூசி படாமல் துணித்திரை. எல்லாவற்றிலும் அவள் உயிரை வைத்திருந்தது ஒன்றே ஒன்றின்மேல். அதற்கு அவள் வைத்த பெயர் 'ராங் நம்பர்'.

அதன் கதை இதுதான். அந்தத் தட்டின் முதல் பக்கம் முழுக்கத் தனிப் புல்லாங்குழல். இரண்டாம் பக்கம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கும் மேளம். வெளிவந்த அன்றே வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறாள், இருபத்து மூன்று வயதில், இரண்டாவது மாதச் சம்பளத்தில். வீட்டில் வைத்து 'முதல் பக்கம்' என்று லேபிள் ஒட்டிய பக்கத்தில் ஊசியை இறக்கினால், குழலுக்குப் பதில் மேளம் முழங்கியது. முதல் கட்டாக அச்சடித்த தட்டுகளில் கம்பெனிக்காரர்கள் லேபிளைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார்கள். மறுநாளே கடைகளிலிருந்து திரும்பப் பெற்று உடைத்தார்கள். சரியாக ஒட்டிப் புதிதாக அடித்தார்கள். அக்கா கடைக்குப் போனாள். மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் கை நீட்டினார். இவள் கொடுக்கவில்லை. "நாள் பூரா நான் எத்தனை பேருக்கு லைனை மாத்திக் குடுக்கறேன், என்னை யாராவது உடைச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தட்டோடு திரும்பி வந்தாளாம்.

வருஷங்கள் போகப் போக, உடைபடாமல் தப்பித்த அந்த முதல் கட்டுத் தட்டுகளுக்குச் சேகரிப்பவர்கள் மத்தியில் எக்கச்சக்க மதிப்பு வந்துவிட்டது. இந்தத் தட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, எனக்கு அது கிறுக்குத்தனமாகவே படும். அபூர்வமான தட்டை ஓட்டமாட்டார்கள். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் தட்டு கொஞ்சம் தேயுமாம். அதனால் கேட்பதற்கு ஒரு சாதாரணத் தட்டு, வைத்திருப்பதற்கு அபூர்வத் தட்டு என்று இரண்டு வாங்கிக்கொள்வார்கள். ராங் நம்பரை அக்கா ஓட்டிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. தங்க நகைக்காவது விசேஷம் என்று ஒரு நாள் வரும். இது உறையை விட்டு வெளியேவே வந்ததில்லை.

"கேக்காத பாட்டு எதுக்குக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்குன்னு தெரிஞ்சா போதும்மா" என்றாள்.

இந்தக் கதையையும், இரண்டு தட்டும் பார்வைக்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் என்பதையும், ஊசியை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும் என்பதையும் அவள் தம்பியிடம்தான் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவர் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்க்ரூ டிரைவரும் எண்ணெய்க் குப்பியுமாக மேலே போய் அவள் பிளேயருக்குப் பெல்ட் மாற்றுவார், மோட்டாருக்கு எண்ணெய் விடுவார். அவரிடம் அவள் வீட்டுச் சாவி ஒன்றும் இருந்தது. தட்டைத் தொடுவதற்கு இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் அனுமதி. எனக்குக்கூடத் திரைக்கு இந்தப் பக்கம்தான்.

அக்காவுக்குக் காது போனது ஒரே நாளில் அல்ல. முதலில் கீச்சுச் சத்தங்கள் போயின. கொதிக்கும் கெட்டிலின் விசில், குருவி, அழைப்பு மணி. பிறகு என் குரல். அவள் தம்பியின் கட்டைக் குரல் பாதி கேட்கும், பாதியை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வாள். புல்லாங்குழல் அடியோடு போய்விட்டது. மேளம் மட்டும் கேட்டது. ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பாள். எண்ணூறு தட்டில் மேளம் உள்ள இருபது முப்பது தட்டுக்குள் அவள் உலகம் சுருங்கிப்போனது. கையில் இருந்ததைப் போட்டு வாங்கிய மலிவான காது மிஷின் ஒன்று இருந்தது. அதை மாட்டினால் பாட்டெல்லாம் தகரத்தில் கல் உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

போன வருஷம் காது டாக்டர், பாட்டுக் கேட்பதற்கென்றே வந்திருக்கும் நல்ல மிஷின் ஒரு ஜோடியை அரை மணி நேரம் மாட்டிப் பார்க்கக் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். நர்ஸ் காகிதம் கிழித்தபோது அக்கா திரும்பினாள். நான் இருமியபோது என் முகத்தைப் பார்த்தாள். நேரம் முடிந்ததும் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே வந்ததும் சொன்னாள், "அந்த நாற்காலி கிறீச்சுன்னுதும்மா. எவ்வளவு நல்லா இருந்துது." பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். ஒரு தட்டை விற்பது, மிச்சத் தட்டெல்லாம் கேட்பது. கணக்கு அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தலைகீழாக நின்றார். "இப்ப விக்காதக்கா, இன்னும் விலை ஏறும்" என்றார். "நல்ல ஆள் கிடைக்கட்டும், ஏமாத்திடுவாங்க" என்றார். பிளேயரில் பெல்ட் சரியில்லை, இப்போது ஓட்டினால் தட்டு கீறிவிடும் என்றார். கடைசியில், "மிஷினை நான் தவணையில வாங்கித் தர்றேன், அதை மட்டும் விக்காத" என்று கண் கலங்கினார். எனக்கு உருகிவிட்டது. இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று எதிர்வீட்டுக்காரியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, அதை இப்போது நினைத்தால்.

அக்கா அசையவில்லை. நான்கு மாதம் பொறுத்தாள், பிறகு அவளே கடிதம் எழுதி ஒரு ஆளை வரவழைத்தாள். வந்தவர் ஒரு பல் டாக்டர். தட்டுச் சேகரிப்பதில் பைத்தியம். ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெள்ளைத் துணிக் கையுறையும், பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியுமாக வந்தார். லேபிள் ஓரத்தில் கீறியிருக்கும் பொடி அச்சு எண்ணைப் படிக்க அதுதான் வசதி என்றார். நான் தேநீர் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் பிளேயர் பக்கத்தில் முழங்காலிட்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. மோட்டார் தகராறு பண்ணுகிறது போல என்று நினைத்தேன்.

அக்கா அன்று நல்ல உடை உடுத்தியிருந்தாள். திரையை விலக்கி, ராங் நம்பரை எடுத்து, உறையோடு டாக்டரின் இரண்டு கையிலும் கொடுத்தாள். அவர் உறையை நாலு பக்கமும் பார்த்தார். "அற்புதமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார் உரக்க. தட்டை வெளியே எடுத்து, கண்ணாடியை லேபிள் ஓரத்துக்குக் கொண்டுபோனார். அக்கா தடுத்தாள்.

"படிக்காதீங்க டாக்டர். கேளுங்க. பத்தொன்பது வருஷமா நான் இதைக் கேட்டதில்ல. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நானும் கேட்டுக்கறேன். மேளம்தானே, எனக்குக் கேக்கும்."

"அக்கா, பெல்ட் வழுக்குது…" என்றார் என் வீட்டுக்காரர்.

"வழுக்கட்டும்" என்று தட்டை வாங்கி அவளே வைத்தாள். முதல் பக்கம் மேலே. ஊசியை இறக்கினாள். உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அறை முழுக்கப் புல்லாங்குழல் நிறைந்தது. அவ்வளவு இனிமையான வாசிப்பை நான் கேட்டதில்லை. லேபிளில் போட்டிருந்தபடியே சரியான பாட்டு வந்தது, அதுதான் தப்பு.

டாக்டர் தலை குனிந்துகொண்டார். அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், மேளத்துக்காகக் காத்துக்கொண்டு. பிறகு கையை லேசாக அழுத்திப் பார்த்தாள். "ஊசி இறங்கிடுச்சா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தாள். ஊசி இறங்கித்தான் இருந்தது, தட்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் காதுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. மேளமாக இருந்தால் கைக்கு எட்டியிருக்கும். அவள் கேட்க முடியாத பாட்டுதான் அங்கே ஓடுகிறது என்பது அவளுக்குப் புரிந்த நேரத்தை நான் பார்த்தேன். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் மாறியது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

டாக்டர் தட்டை நிறுத்தி, கண்ணாடியை வைத்து, தட்டில் கீறியிருந்த எண்ணைப் படித்தார். "இது பின்னாடி அடிச்சதும்மா. உறை முதல் கட்டோடது. தட்டு இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, உதடு தெரியும்படி மெல்லச் சொன்னார். "மூணு வருஷம் முன்னாடி ஒண்ணு விலைக்கு வந்துதுன்னு கேள்விப்பட்டேன். உறை இல்லாம, வெறும் தட்டா. உறை இல்லாததால பாதி விலைக்குத்தான் போச்சாம். இப்ப எந்த நாட்டுல இருக்கோ."

உறையை ஏன் விட்டுவைத்தான் அந்தத் திருடன்? உறை இருந்தால் தட்டு இருப்பதாக அக்கா நம்புவாள் என்று தெரிந்தவன் அவன். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் என்று தெரிந்தவன். அவள் ஓட்டிப் பார்க்கமாட்டாள் என்று தெரிந்தவன். அப்படி ஒரே ஒருத்தர்தான் உண்டு, அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வாய் திறந்தது.

"நான்தான்க்கா எடுத்தேன்."

ஸ்பீக்கர்மேல் இருந்த அவள் கை கீழே விழுந்தது. உதட்டைப் படித்துவிட்டாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் சொன்னாள், "கேக்கலடா."

"நான்தான் எடுத்தேன். வித்துட்டேன்க்கா."

"கேக்கல. சத்தமா சொல்லு."

காதும் காதும் வைத்தமாதிரி முடித்த காரியத்தை அவர் கத்திச் சொன்னார். பழைய கடையில் சாதாரணத் தட்டு ஒன்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கி உறையில் செருகியதை, அதை மூன்று வருஷமாக மாதாமாதம் பக்கத்தில் உட்கார்ந்து தூசி தட்டியதை, எல்லாம் கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கீழே காவலாளி அண்ணாந்து பார்த்தார். "எதுக்குடா?" என்று ஒரு வார்த்தைதான் அக்கா கேட்டாள். அதற்கும் கத்தியே பதில் சொன்னார். "பைக்குக்கு முன்பணம் கட்டினேன். அப்புறம் வாஷிங் மிஷின். இவதான் வாங்கு வாங்குன்னு உயிரை எடுத்தா."

ஓவர்டைம் பார்த்த காசு என்று சொல்லித்தான் அந்த மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தேன். அக்காவின் போர்வைகளையும் அதில்தான் மூன்று வருஷமாகத் துவைத்துக் கொடுத்தேன். நம்பவைத்துக் கழுத்தறுத்ததுதான் அறுத்தார், கத்தியை என் கையிலும் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேநீர்த் தட்டோடு அவர் தலையில் போட்டிருப்பேன். டாக்டர் இருந்ததால் பிழைத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். திரும்பவும் சொன்னேன். எட்டு வருஷம் அவளுக்குப் பயந்து மனசுக்குள்ளேயே முணுமுணுத்தவள், அன்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"உன் குரல் கேட்டிருந்தா, நிஜமா பொய்யான்னு தெரிஞ்சிருக்கும்மா. உதட்டைப் பாத்தா தெரியல."

அடுத்து அவள் தம்பியிடம் கை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார்.

'உதட்டைப் பாத்தா தெரியல' என்ற அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. பைக் மறுவாரமே போனது, நான் போகவைத்தேன். வாஷிங் மிஷினும் போனது. என் கழுத்தில் கிடந்ததும் போனது. அவர் வேலைக்கு நடந்து போனார், நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து துணி துவைத்தேன். "எல்லாம் அக்காவுக்காகத்தானே" என்று அவர் ஒருநாள் தியாகி மாதிரி சொன்னார். கையில் இருந்த ஈரத் துண்டால் ஒன்று வைத்தேன். ஐந்து மாதத்தில் அந்த நல்ல காது மிஷின் ஜோடி வந்தது. நான்தான் மேலே கொண்டுபோனேன். அக்கா டப்பாவைப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். நான் விடவில்லை. நானே மாட்டிவிட்டேன். அவள் எழுந்து எந்தத் தட்டையும் தேடுவதற்கு முன்னால் அவள் எதிரே நின்று சாதாரணக் குரலில் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சரி" என்றாள். "அந்தச் சோப்பு டப்பாவை உனக்குப் பிடிச்ச இடத்துல வெச்சுக்கோ."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போதெல்லாம் மத்தியான வேலை முடிந்ததும் நான் மேலே போகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் போக எனக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. புல்லாங்குழல்தான் முதலில், எப்போதும். தம்பி செருகிவைத்துவிட்டுப் போன அந்தச் சாதாரணத் தட்டை அவள் தூக்கி எறியவில்லை. பழைய உறையில் இல்லை, ஒரு வெள்ளைக் காகித உறையில் தனியாக வைத்திருக்கிறாள். ராங் நம்பரின் உறை சுவரில் காலியாக நிற்கிறது. டாக்டர் அதை மட்டுமாவது விலைக்குக் கேட்டு இரண்டு கடிதம் போட்டார். அக்கா பதில் எழுதவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவார். எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் நேராக மூன்றாவது மாடிக்கு ஏறுவார், தினமும். முதல் மாடித் திருப்பத்தில் அவர் செருப்புச் சத்தம் வரும்போதே அக்காவுக்குக் கேட்டுவிடுகிறது. எனக்கு அப்போது ஒன்றும் கேட்காது. பிளேயரை நிறுத்துவாள். இடது காதில் இருப்பதைக் கழற்றுவாள், பிறகு வலது. இரண்டையும் டப்பாவில் வைத்து மூடி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அவர் வாசலில் நின்று "அக்கா, அக்கா" என்று நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார்.

"அவ்வளவு காசு குடுத்து வாங்கினோமே, அந்த மிஷின் ஏன் அவளுக்குக் கேக்கவே மாட்டேங்குது?" என்று நேற்று சாப்பிடும்போது கேட்டார். "கடைக்காரன் நம்மளை ஏமாத்திட்டான் போல."

"இருக்கும்" என்றேன்.